கற்பனை உலகுக்கு இலக்கணம் எழுதியவர்: ஜே.ஆர்.ஆர். டோல்கீன்

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற புதுவகை விளையாட்டு விற்பனைக்கு வந்தது. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பகடையை உருட்டியபடி கதையை நகர்த்திச் செல்ல வேண்டும். போர்வீரனாகலாம், மந்திரவாதியாகலாம். குள்ளர், எல்ஃப், ஹாபிட் போன்ற இனங்களைச் சேர்ந்தவராகவும் மாறலாம். பாத்திரமேற்று விளையாடும் விளையாட்டுகள் என்று இன்று அறியப்படும் பெரும் துறை அங்கிருந்துதான் தொடங்கியது.

ஹாபிட் என்ற இனத்தைப் படைத்தவர் அந்த விளையாட்டைப் பார்க்கவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1973 செப்டம்பர் 2ஆம் தேதி, தமது 81ஆம் வயதில் அவர் காலமாகியிருந்தார். அவர்தான் ஜான் ரொனால்ட் ரூவல் டோல்கீன், ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் ஆசிரியர்.

அவருக்குப் பின் எத்தனையோ பேர் கற்பனை உலகங்களை உருவாக்கிவிட்டார்கள். பல உலகங்கள் வந்த வேகத்தில் மறக்கப்பட்டன. டோல்கீனின் மிடில் எர்த் மட்டும் அரை நூற்றாண்டு கடந்தும் புதிய விளையாட்டு நூல்களாகவும் இணைய விளையாட்டுகளாகவும் வந்துகொண்டே இருக்கிறது. அந்த உலகின் ஆயுள் ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கான விடை பெரும்பாலும் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

தாய் தந்த மொழிகள்

டோல்கீன் 1892 ஜனவரி 3ஆம் தேதி, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள புளூம்ஃபான்டீன் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் அங்கு வங்கி மேலாளராக இருந்தார். அந்த ஊரின் வெப்பம் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1895இல் தாய் மேபல் தம் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். பின்னர் வந்து சேர்வதாக இருந்த தந்தை, மறு ஆண்டு காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது டோல்கீனுக்கு நான்கு வயது.

பர்மிங்காம் நகருக்கு வெளியே, சேர்ஹோல் என்ற சிற்றூரில் குடும்பம் குடியேறியது. ஓடை, மாவரைக்கும் ஆலை, மரங்கள் என்றிருந்த அந்த ஊரில் அவர்கள் வாழ்ந்தது சில ஆண்டுகள்தான். ஆனால் ஹாபிட்கள் வாழும் ‘ஷயர்’ என்ற பசுமையான நாட்டுக்கு அதுவே பின்னாளில் முன்மாதிரியானது.

மேபல் தம் பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். லத்தீன் மொழியையும் செடி கொடிகளின் பெயர்களையும் மூத்த மகன் அவரிடமே கற்றான். 1900இல் அவர் கத்தோலிக்கத்தைத் தழுவியதும் உறவினர்கள் பண உதவியை நிறுத்திக்கொண்டனர். வறுமையோடு நீரிழிவு நோயும் சேர்ந்துகொண்டது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. 1904 நவம்பரில், 34 வயதில் அவர் உயிர் பிரிந்தது. பன்னிரண்டு வயதில் டோல்கீன் தாயும் தந்தையும் இல்லாத பிள்ளையானார். அருட்தந்தை பிரான்சிஸ் மோர்கன் சகோதரர்கள் இருவருக்கும் பாதுகாவலர் ஆனார்.

மொழிமீது தாய் ஊட்டிய ஆர்வம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. நிலக்கரி ஏற்றி வந்த ரயில் பெட்டிகளில் எழுதியிருந்த வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்கள் சிறுவனை மயக்கின. உறவினர் பிள்ளைகளோடு சேர்ந்து ரகசிய மொழி பேசத் தொடங்கியவர், பள்ளி நாள்களிலேயே சொந்தமாக மொழிகளை உருவாக்க முயன்றார். வழக்கொழிந்துபோன காத்திக் மொழியைப் புத்தகத்திலிருந்து கற்றார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது ஃபின்லாந்து மொழியின் இலக்கண நூல் ஒன்று கையில் கிடைத்தது. அந்த மொழியின் ஓசை அவரை ஆட்கொண்டது.

மூன்று ஆண்டு காத்திருப்பு

பதினாறு வயதில், தாம் தங்கியிருந்த வீட்டிலேயே குடியிருந்த ஈடித் பிராட் என்ற பெண்ணை டோல்கீன் சந்தித்தார். அவரைவிட மூன்று வயது மூத்தவர். அவரும் பெற்றோரை இழந்தவர். இருவருக்கும் இடையே காதல் மலர்ந்தது அருட்தந்தைக்குத் தெரியவந்தபோது, 21 வயது ஆகும்வரை அந்தப் பெண்ணோடு தொடர்பே கூடாது என்று தடை விதித்தார்.

டோல்கீன் அந்தச் சொல்லை மீறவில்லை. 1913 ஜனவரி 3ஆம் தேதி, 21 வயது நிறைந்த அன்றே ஈடித்துக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் ஈடித்துக்கு வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகியிருந்தது. டோல்கீன் நேரில் சென்று பேசினார். ஈடித் அந்த நிச்சயத்தை முறித்துக்கொண்டார். 1916 மார்ச் மாதம் இருவரும் மணம் முடித்தனர். அடுத்த சில மாதங்களில் கணவர் போர்முனைக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

நான்கு நண்பர்களில் இருவர்

பள்ளியில் டோல்கீனுக்கு மூன்று நெருங்கிய நண்பர்கள் இருந்தனர்: ராப் கில்சன், ஜெஃப்ரி பாஷ் ஸ்மித், கிறிஸ்டோபர் வைஸ்மன். தேநீர் அருந்தியபடி இலக்கியம் பேசிய இந்த நால்வரும், தாங்கள் சேர்ந்து உலகுக்கு ஏதோ ஒன்றைத் தரப்போகிறோம் என்று உண்மையாகவே நம்பினார்கள்.

1916 ஜூலை 1ஆம் தேதி பிரான்சில் சோம் போர் தொடங்கியது. முதல் நாளிலேயே கில்சன் கொல்லப்பட்டார். செய்தித்தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றிய டோல்கீன், பேன்கள் பரப்பிய பதுங்குகுழிக் காய்ச்சலால் நவம்பரில் நாடு திரும்பினார். டிசம்பரில் குண்டுச் சிதறல் காயத்தால் ஸ்மித்தும் இறந்தார். தான் மடிந்தாலும், நால்வரும் சொல்ல நினைத்ததை டோல்கீன் சொல்ல வேண்டும் என்ற பொருளில் அவர் முன்பே ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். ஸ்மித்தின் கவிதைகள் 1918இல் நூலாக வெளிவர டோல்கீன் துணை நின்றார்.

நோயிலிருந்து தேறிவந்த அந்த மாதங்களில்தான் அவர் தம் புராண உலகின் முதல் கதைகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதத் தொடங்கினார். முதலில் எழுதியவற்றுள் ஒன்று, மறைந்திருந்த அழகிய நகரம் ஒன்று பகைவரின் படையெடுப்பில் வீழ்ந்த கதை. பின்னர் உலகறிந்த சாகசங்கள் யாவும் இந்த இழப்பின் மேல் கட்டப்பட்டவை. மிடில் எர்த்தில் எங்கு சென்றாலும் ஓர் இடிந்த கோட்டையோ பாதி மறந்த பாட்டோ எதிர்ப்படுவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் மொழி, பிறகு உலகம்

போருக்குப் பின் டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிப் பணியில் சேர்ந்தார். ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும் சில சொற்களின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். பின்னர் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும், 1925 முதல் ஓய்வுபெற்ற 1959 வரை ஆக்ஸ்ஃபோர்டிலும் பேராசிரியராக இருந்தார். பழைய ஆங்கிலக் காப்பியமான ‘பேவுல்ஃப்’ பற்றி 1936இல் அவர் ஆற்றிய உரை இன்றும் அத்துறை மாணவர்களுக்கு முக்கியமான பாடம்.

அவருடைய கற்பனை உலகம் பிறந்த வரிசையைத் தமிழ் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். பொதுவாக எழுத்தாளர்கள் கதையை எழுதிவிட்டுப் பாத்திரங்களுக்குப் பெயர் தேடுவார்கள். டோல்கீன் முதலில் மொழியை உருவாக்கினார். பிறகு, அதைப் பேச மக்கள் வேண்டும், அந்த மக்களுக்கு வரலாறு வேண்டும் என்று கதைக்கு வந்தார்.

தமிழில் பால், பல், புலி என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என்று வழங்குகின்றன. ஒரே மூலத்திலிருந்து பிரிந்த மொழிகளில் ஒலி மாற்றம் ஓர் ஒழுங்கோடு நிகழும் என்பதற்கு இது சான்று. டோல்கீன் இதே முறையைத் தம் எல்ஃப் மொழிகளில் கையாண்டார். குவென்யா, சிண்டாரின் என்ற இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. மரத்துக்கு ஒன்றில் ‘அல்டா’, மற்றதில் ‘கலத்’. மூலச் சொல்லின் முதல் மெய் ஒரு மொழியில் உதிர்ந்துவிட, மற்றதில் நிலைத்தது. இப்படி ஆயிரக்கணக்கான சொற்களுக்கு அவர் வேர் கண்டு வைத்திருந்தார்.

அவர் உருவாக்கிய ‘டெங்வார்’ எழுத்துமுறையும் அப்படித்தான். ஒலி வாயில் எங்கே பிறக்கிறது, எப்படிப் பிறக்கிறது என்பதை வைத்து எழுத்துகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. மெய்யெழுத்தின் மேல் குறியிட்டு உயிரொலியைக் காட்டும் முறையும் அதில் உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதாக இராது.

வெற்றுத் தாளில் ஒரு வரி

பேராசிரியருக்கு நான்கு பிள்ளைகள். வருமானம் போதாமல், கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களின் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுப்பார். ஒருமுறை ஒரு மாணவர் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தார். அந்த வெற்றுப் பக்கத்தில், தரைக்குள் குழியில் வாழ்ந்த ஹாபிட்டைப் பற்றி ஒரு வரி எழுதினார் டோல்கீன். ஹாபிட் என்றால் என்னவென்று அவருக்கே அப்போது தெரியாது.

அந்த வரி வளர்ந்து ‘தி ஹாபிட்’ ஆனது. ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்தின் உரிமையாளர், கையெழுத்துப் பிரதியைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். சிறுவனுக்குப் பிடித்துப்போனது. ஊதியம் ஒரு ஷில்லிங். 1937 செப்டம்பரில் வெளியான நூலின் முதல் பதிப்பு, 1,500 பிரதிகள், ஆண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தது.

மறு ஆண்டு ஜெர்மனியில் அதை வெளியிட விரும்பிய பதிப்பகம், ஆசிரியர் ஆரிய வம்சத்தவரா என்று கேட்டு எழுதியது. நாஜி ஆட்சிக் காலம். டோல்கீன் கொதித்துப்போனார். இரண்டு பதில்களை எழுதி, எதை அனுப்புவது என்ற முடிவைத் தம் பதிப்பாளரிடம் விட்டார். அவற்றுள் கடுமையான பதிலில், தம் முன்னோரில் யூதர்கள் இல்லையே என்று வருந்துவதாகக் குறிப்பிட்டிருந்தார்.

பதினேழு ஆண்டு உழைப்பு

ஹாபிட்களைப் பற்றி இன்னொரு நூல் வேண்டும் என்று பதிப்பகம் கேட்டது. டோல்கீன் அனுப்பியதோ, போர்க்காலத்திலிருந்து எழுதிவந்த ‘தி சில்மரில்லியன்’ புராணத்தின் பகுதிகளை. பதிப்பகம் அவற்றை ஏற்கவில்லை. வருத்தத்தோடு 1937 டிசம்பரில் புதிய கதையைத் தொடங்கினார். சிறுவர் கதையாகத் தொடங்கிய அது, அவர் கையை மீறிப் பெருங்கதையாக விரிந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றிருந்த மகன் கிறிஸ்டோபருக்கு, எழுதிய அத்தியாயங்களை ஒவ்வொன்றாக அஞ்சலில் அனுப்பிவந்தார்.

நுணுக்கத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. எந்தப் பாத்திரம் எந்த நாளில் எத்தனை தொலைவு நடந்தது, அன்று வானில் வளர்பிறையா தேய்பிறையா என்றெல்லாம் கணக்கு வைத்தார். ஷயர் மக்களுக்குத் தனி நாள்காட்டி இருந்தது. மாதத்துக்கு 30 நாள், பன்னிரண்டு மாதம், எந்த மாதத்திலும் சேராத ஐந்து நாள். ஒவ்வொரு தேதியும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே கிழமையில் வருமாறு அதை அமைத்திருந்தார். கதைக்கு நேரடியாகத் தேவைப்படாத அரச வம்சாவளிகளையும் எழுதி வைத்தார்.

1949இல் நாவல் முடிந்தது. ஆனால் சில்மரில்லியனையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதால் ஆண்டுகள் வீணாயின. வேறொரு பதிப்பகத்தை நாடிய முயற்சியும் பலிக்கவில்லை. இறுதியில் கைகொடுத்தவர், ஒரு ஷில்லிங் வாங்கிய அதே ரேனர் அன்வின். இப்போது அவர் பதிப்பகத்தில் பொறுப்பில் இருந்தார். ஆயிரம் பவுண்டு நட்டம் வரலாம் என்று தெரிந்தே துணிந்தார். செலவு திரும்பும்வரை ஆசிரியருக்குப் பணமில்லை, அதன் பிறகு லாபத்தில் பாதி என்று ஒப்பந்தமானது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் நூல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அந்த ஒப்பந்தம் முதுமையில் டோல்கீனைச் செல்வந்தராக்கியது.

1965இல் அமெரிக்காவில் மலிவு விலைப் பதிப்புகள் வந்ததும் பல்கலைக்கழக மாணவர்களிடையே நூல் தீயாய்ப் பரவியது. அங்கிருந்து வாசகர்கள் நேரம் பாராமல் தொலைபேசியில் அழைத்ததால், பேராசிரியர் தம் எண்ணைப் பொதுத் தொலைபேசிக் கையேட்டிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

விளையாட இடம் விட்ட உலகம்

அதே அமெரிக்க வாசகர் தலைமுறையிலிருந்துதான் பாத்திரமேற்று விளையாடுவோர் வந்தனர். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ டோல்கீனிடம் மட்டும் கடன் வாங்கவில்லை. வேறு பல எழுத்தாளர்களின் தாக்கமும் அதில் உண்டு. இருந்தும், அவர் சாயல் வெளிப்படையாகத் தெரிந்தது. உரிமைச் சிக்கல் எழுந்த பிறகு, ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது.

மிடில் எர்த்தையே களமாகக் கொண்ட முழு விளையாட்டை 1984இல் அமெரிக்காவின் அயர்ன் கிரவுன் எண்டர்பிரைசஸ் வெளியிட்டது. நாவலில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் நாடுகளுக்குக்கூட வரைபடமும் வரலாறும் கொண்ட தனி நூல்களை அது கொண்டுவந்தது. 2007இல் தொடங்கிய இணைய விளையாட்டில், உலகெங்கும் உள்ளவர்கள் ஷயரின் தெருக்களில் ஒன்றாக நடமாடுகிறார்கள். 2011இல் ‘தி ஒன் ரிங்’ என்ற மேசை விளையாட்டு வந்தது. பின்னர் சுவீடன் நிறுவனம் ஒன்று அதன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அதில் பயணத்துக்கென்றே தனி விதிகள் உண்டு. வழிநடையின் களைப்பு, மனத்தில் படியும் இருள், குறைந்துவரும் நம்பிக்கை ஆகியவற்றுக்கும் கணக்கு உண்டு. வாளின் பலத்தைவிட மனத்தின் உறுதி பெரிது என்ற டோல்கீனின் எண்ணம் விளையாட்டு விதியாகவே மாறிவிட்டது.

இந்த உலகம் விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் டோல்கீனிடம் ஒரு பெயராவது இருந்தது. அந்தப் பெயர் ஒரு மொழியிலிருந்து வந்தது; அந்த மொழியைப் பேசிய மக்களுக்கு ஒரு கதை இருந்தது. அதே சமயம், தொலைவில் தெரியும் எல்லா இடத்துக்கும் அவர் வாசகரை அழைத்துச் செல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடங்கள்தான் விளையாடுபவர்களுக்குக் கிடைத்த நிலம். நுணுக்கம் நம்பிக்கையைத் தந்தது. இடைவெளி சுதந்திரத்தைத் தந்தது.

குறைகளும் பேசப்படாமல் இல்லை. பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு. பகைவர் பக்கம் சேரும் மனிதர்கள் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் பலர் கருமை நிறத்தவர். ‘ஓர்க்’ என்ற இனம் முழுவதுமே தீயதாகக் காட்டப்படுவதும் விமர்சிக்கப்படுகிறது. அதைப் பற்றி டோல்கீனே பிற்காலத்தில் மனம் உழன்று, முடிவுக்கு வர முடியாமல் குறிப்புகள் எழுதியிருக்கிறார். பிறப்பாலேயே தீயவர் என்று ஓர் இனத்தைச் சித்திரிப்பது சரியா என்ற கேள்வியால், விளையாட்டு நிறுவனங்களும் அண்மைய ஆண்டுகளில் தங்கள் நூல்களைத் திருத்தி வருகின்றன. இன்றும் மக்கள் உள்ளே சென்று வாதிடும் அளவுக்கு அந்த உலகம் உயிரோடு இருக்கிறது.

மகன் முடித்த வேலை

டோல்கீனை வாழ்நாள் முழுவதும் வாட்டியது ஒரே அச்சம்தான்: சில்மரில்லியனை முடிக்காமலே போய்விடுவோமோ என்பது. 1945இல் வெளியான அவருடைய சிறுகதை ஒன்றில் ஓர் ஓவியர் வருவார். ஒரு மரத்தை வரையத் தொடங்கி, ஒவ்வோர் இலையிலும் நின்று நின்று, மரத்தை முடிக்குமுன்பே அழைப்பு வந்துவிடும். அது அவர் தம்மைப் பற்றியே எழுதியதாகப் பலரும் கருதுகிறார்கள்.

அச்சப்பட்டது போலவே நடந்தது. 1971இல் ஈடித் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் டோல்கீனும் மறைந்தார். விட்டுச்சென்றது பெட்டி பெட்டியாகக் கையெழுத்துத் தாள்கள். ஒரே கதைக்கு ஐம்பது ஆண்டுகளில் எழுதிய பல வடிவங்கள். சில பென்சிலால் எழுதி, அதன்மேலேயே பேனாவால் திருத்தியவை.

அவற்றை ஒழுங்குசெய்யும் பொறுப்பை மகன் கிறிஸ்டோபர் ஏற்றார். சிறுவயதில் ‘தி ஹாபிட்’டில் தவறு கண்டுபிடித்தால் தவறுக்கு இரண்டு பென்ஸ் என்று தந்தை பரிசு அறிவித்தது அவருக்குத்தான். பின்னாளில் நாவலுக்கு வரைபடம் வரைந்தவரும் அவரே. ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் பணியைத் துறந்து இந்த வேலையில் இறங்கினார். 1977இல் ‘தி சில்மரில்லியன்’ வெளிவந்தது. அதன்பின் 1983 முதல் 1996 வரை, அந்த உலகம் உருவான வரலாற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஓலைச்சுவடிகளைப் பாடபேதம் பார்த்துப் பதிப்பித்த நம் பதிப்பாசிரியர்களின் உழைப்புக்கு ஒப்பானது அது. 2020 ஜனவரியில், 95 வயதில் கிறிஸ்டோபர் காலமானார்.

ஆக்ஸ்ஃபோர்டின் வடக்கே வோல்வர்கோட் இடுகாட்டில் டோல்கீனும் ஈடித்தும் ஒரே கல்லறையில் உறங்குகிறார்கள். ஈடித்தின் பெயருக்குக் கீழ் லூத்தியன் என்றும், டோல்கீனின் பெயருக்குக் கீழ் பெரன் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. மனிதனான பெரனுக்காகத் தன் சாகாவரத்தைத் துறந்த எல்ஃப் இளவரசி லூத்தியன். 1917இல், போரிலிருந்து திரும்பியிருந்த கணவருக்காக மரங்களுக்கிடையே ஈடித் ஆடிய நாளில் பிறந்த கதை அது. அந்த இரண்டு பெயர்களும் தங்கள் தாய் தந்தையர் பேசிய மொழியில் இல்லை; அவர் தாமே உருவாக்கிய மொழியில் உள்ளன. அந்தக் கல்லின் முன் நிற்பவர்களுக்கு அவற்றின் பொருள் தெரிகிறது என்பதே அந்த மொழிக்குக் கிடைத்த வெற்றி.